நெஞ்சில் பழைய தழும்பு உள்ளவர்கள் கேட்கும் கேள்விகள்

என் நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு உண்டு. எட்டு வயதில் இந்தியாவில் போட்டது. முப்பத்தைந்து வயதில் கொழும்பில் அதே கோட்டின்மேல் இன்னொரு தடவை வெட்டினார்கள். அதற்குப் பிறகு திருகோணமலையைச் சுற்றி உப்புவெளி, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் தெரிந்தவர் மூலம் வந்து கேட்கத் தொடங்கினார்கள்: "அக்கா, உங்களுக்கும் பிறப்பிலேயே இதயநோய் இருந்ததாமே?" நான் டொக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு, எனக்கு வைத்தியம் செய்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். உங்கள் மருந்தையும் அதன் அளவையும் உங்கள் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

சின்ன வயதிலேயே ஒப்பரேஷன் செய்தாயிற்று. இனி எதற்குக் கிளினிக்?

எந்த ஒப்பரேஷன் என்பதைப் பொறுத்தது. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய இரத்தக்குழாய் மூடாமல் இருந்து, அதைக் கட்டிவிட்டார்கள் என்றால் நீங்கள் அநேகமாக மற்றவர்களைப் போலத்தான். இதயத்தின் மேலறைகளுக்கு இடையில் இருந்த ஓட்டையைச் சிறு வயதிலேயே அடைத்தவர்களும் ஏறக்குறைய அப்படியே. சில வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்பார்கள்.

மற்றவை அப்படி இல்லை. என்னுடையது ஃபலோ நோய். நீலம் பாரித்த பிள்ளை என்பார்களே, அது. ஃபலோ என்ற பிரான்ஸ் வைத்தியர் 1888இல் விவரித்ததால் அந்தப் பெயர். கீழறைகளுக்கு இடையில் பெரிய ஓட்டை. நுரையீரலுக்கு இரத்தம் போகிற பாதையோ நெருக்கம். ஒப்பரேஷனில் ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்து, நெருக்கமான பாதையை வெட்டி அகலமாக்குவார்கள். அகலமாக்கும்போது அங்கே இருக்கிற வால்வு பெரும்பாலும் வேலைக்கு உதவாமல் போய்விடும். அன்றைக்குப் பிள்ளை தப்ப வேண்டும், அதற்காகக் கொடுக்கிற விலை அது. அன்றிலிருந்து ஒவ்வொரு துடிப்பிலும் நுரையீரலுக்குப் போன இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். வலது கீழறை இருபது, முப்பது வருடம் வாய்திறக்காமல் அதைத் தாங்கும். தாங்கித் தாங்கி ஊதும். பிறகு ஒருநாள் துடிப்பின் தாளம் தப்பும்.

இதில் பெரிய சிக்கல், நமக்கே அது தெரியாது என்பதுதான். கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது நான் இரண்டு இடத்தில் நின்று மூச்செடுப்பேன். எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வேறு உடம்பில் இருந்து பார்த்ததில்லையே! வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்தபோது, கடைசியாக இதயக் கிளினிக்குக்குப் போய் இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. "இனிப் பயமில்லை" என்று சொல்லி அனுப்பியதை அம்மா "இனி வரத் தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டார்.

உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியில் இருந்த நெருக்கத்தைத் திருத்தியவர்களுக்கு அது மறுபடி நெருங்கலாம், அந்த இடம் வீங்கலாம், பிரஷர் ஏறலாம். பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறந்தவர்களில் பழைய முறையில் திருத்தப்பட்டவர்களுக்கு, நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் தள்ளப் படைக்கப்பட்ட அறை உடம்பு முழுவதற்கும் தள்ளிக்கொண்டிருக்கும். அது ஒரு வயதில் களைக்கும். ஒரே கீழறையோடு பிறந்து, கெட்ட இரத்தத்தை நேரே நுரையீரலுக்குத் திருப்பிவிடும் ஃபொன்டான் ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் ஈரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர்களெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கிளினிக்கோடு இருக்க வேண்டியவர்கள்.

எனக்கு என்ன ஒப்பரேஷன் செய்தார்கள் என்றே தெரியாது. கொப்பி, கடதாசி எல்லாம் போய்விட்டது.

என்னிடம் வருகிறவர்களில் பலரும் சொல்கிற கதை இது. 1990 போரில் ஓடும்போது விட்டது, 2004 சுனாமியில் போனது, வீடு மாறும்போது அம்மா எங்கேயோ வைத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் இருக்காதீர்கள். உடம்பே பாதிக் கதையைச் சொல்லும்.

தழும்பு நெஞ்சின் நடுவில் என்றால் இதயத்தையே திறந்து செய்திருக்கலாம். இடது பக்கமாக, தோள்பட்டை எலும்புக்குக் கீழே வளைந்து போகிறது என்றால் பெருந்தமனி நெருக்கமாகவோ, மூடாத குழாயைக் கட்டியதாகவோ இருக்கலாம். ஒரு கையில் மட்டும் நாடி பலவீனமாக இருக்கிறதா? கைக்குப் போகிற தமனியைத் திருப்பி நுரையீரல் குழாயோடு இணைக்கும் பழைய ஒப்பரேஷன் ஒன்று உண்டு. 1944இல் அமெரிக்காவில் பிளேலொக், டோசிக், தோமஸ் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது. அதைச் செய்துகொண்டவர்களுக்கு அந்தக் கையில் பிரஷர் பார்த்தால் பொய்க் கணக்குத்தான் வரும். மற்றக் கையில் பார்க்கச் சொல்ல வேண்டும். மீதியை எக்கோவும் (ஒலியலையால் இதயத்தைப் பார்ப்பது) எம்ஆர்ஐ ஸ்கேனும் சொல்லிவிடும்.

தெரிந்துகொண்டதும் நோயின் பெயர், ஒப்பரேஷனின் பெயர், வருடம், இப்போது மீதமிருக்கும் பிரச்சினை ஆகிய நாலையும் ஒரு துண்டில் எழுதிப் பேர்ஸில் வையுங்கள். டயக்னோசிஸ் கார்டைப் படம் பிடித்துப் போனில் ஒன்று, கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற தம்பிக்கு ஒன்று. நம் ஊரில் கடதாசியை வீட்டுக்குள் மட்டும் வைத்து நம்ப முடியாது.

பிறவி நோய் என்றால் நாற்பது வயதில் புதிதாகக் கண்டுபிடிப்பது எப்படி?

மேலறை ஓட்டைதான் இப்படி ஒளிந்திருக்கிற முதல் ஆள். சின்ன வயதில் சத்தமே போடாது. முப்பது, நாற்பது வயதில் படியேறினால் இளைப்பு, இரவில் படபடப்பு. பலரும் இரத்தச்சோகை, வயது, கவலை என்று சொல்லிக் கடத்திவிடுவார்கள். எக்கோ செய்தால் வலது பக்கம் பெருத்திருப்பது தெரியும்.

கவனிக்க வேண்டிய இன்னொருவர், இருபத்தைந்து வயதில் பிரஷர் கூடிய பொடியன். அவருடைய கையிலும் காலிலும் பிரஷர் பார்க்க வேண்டும். காலில் குறைவாக இருந்தால் பெருந்தமனி நெருக்கமா என்று தேட வேண்டும். பெருந்தமனி வால்வில் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இருப்பது நூறில் ஒருவர் இருவருக்கு உண்டு. அதுவும் பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான் தெரியவரும்.

திருகோணமலையில் எவ்வளவு செய்யலாம்? எதற்கு வெளியே போக வேண்டும்?

ஈசிஜி, எக்கோ, இரத்தப் பரிசோதனை, மாதாந்த மருந்து, அவசர வைத்தியம் ஆகியவற்றுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை. இதய சத்திரசிகிச்சை இங்கே இல்லை. அரச வைத்தியசாலைகளில் அது கொழும்பு தேசிய வைத்தியசாலை, ஸ்ரீ ஜயவர்தனபுர, கண்டி, காலி கராப்பிட்டிய, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் நடக்கிறது. பிள்ளைகளுக்கு கொழும்பு லேடி ரிஜ்வே. யாழ்ப்பாணத்தில் மொழிக் கஷ்டம் இல்லை என்று பலர் அங்கே கேட்கிறார்கள், நியாயம்தான். ஆனால் சிக்கலான மறு ஒப்பரேஷன் என்றால் வைத்தியர் எங்கே அனுப்புகிறாரோ அங்கே போங்கள். மொழிக்கு ஒரு ஆளைக் கூட்டிப் போகலாம்.

நடைமுறையில் ஒன்று: இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போய், விடிய இறங்கி, நேரே கிளினிக் வரிசையில் நிற்பதுதான் நம் பழக்கம். நித்திரை இல்லாத உடம்பில் பிரஷரும் துடிப்பும் சரியாக இருக்காது. முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். காலைக் குளிசையை வரிசையில் நிற்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

நல்ல இதய வைத்தியர் ஒருவரைச் சனல் பண்ணிக் காட்டினால் போதாதா?

முதல் அடிக்கு அதுவே போதும், அதுவே நல்லது. ஆனால் பெரியவர்களைப் பார்க்கும் இதய வைத்தியரிடம் தினமும் வருகிறவர்கள் மாரடைப்புக்காரர்கள், பிரஷர்காரர்கள். பிள்ளைகளின் இதய வைத்தியருக்கு ஓட்டையும் ஒட்டும் கைவந்த கலை. ஆனால் கர்ப்பம், நீரிழிவு, நாற்பது வயதுக் கொலஸ்ட்ரோல் அவருடைய இடம் இல்லை. நாம் இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்கிறவர்கள். இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் லண்டனில் ஜேன் சமர்வில் என்ற வைத்தியர் 1970களிலேயே வளர்ந்த பிறவி இதய நோயாளருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இன்று வசதியான நாடுகளில் பிறவி இதயநோய் உள்ள பிள்ளைகளைவிடப் பெரியவர்களின் தொகைதான் அதிகம்.

ஆகவே உங்கள் வைத்தியரிடம் இப்படிக் கேட்கலாம்: "சேர், பிறவி இதயநோய் பார்க்கிற ஒருவரிடம் ஒருமுறை அனுப்ப முடியுமா?" இதைக் கேட்டால் அவர் கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். நான் கேட்டபோது அவரே கடிதம் எழுதித் தந்தார்.

நெஞ்சைத் திறக்காமல், காலால் விட்டு அடைக்கலாமாமே?

மேலறைகளுக்கு நடுச்சுவரின் மையத்தில் ஓட்டை இருந்து, அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளப் போதிய விளிம்பும் இருந்தால், பெரும்பாலும் முடியும். தொடை மடிப்பில் உள்ள நாளம் வழியாகக் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை விட்டு, குடை மாதிரி விரிகிற சாதனத்தை வைத்து அடைப்பார்கள். ஓரிரு நாளில் வீடு. ஆறு மாதமளவுக்கு அஸ்பிரின் தருவார்கள். சாதனம் நிக்கல் கலந்த உலோகம். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர் என்றால் முதலிலேயே சொல்லுங்கள்.

ஓட்டை சுவரின் மேல் ஓரத்திலோ, வால்வுகளை ஒட்டிக் கீழேயோ இருந்தால் குடை நிற்காது. நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும். பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: இதய நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு உலகில் முதன்முதல் வெற்றியாக நடந்த ஒப்பரேஷனே மேலறை ஓட்டையை அடைத்ததுதான். 1953இல் அமெரிக்காவில் ஜோன் கிப்பன் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் செய்தார். எழுபது வருடத்துக்கு மேல் பழகிய கை அது.

நுரையீரல் வால்வையும் 2000ஆம் ஆண்டிலிருந்து கதீற்றர் வழியாக வைக்கிறார்கள். எல்லோருடைய குழாய்க்கும் அது பொருந்தாது. எனக்குப் பொருந்தவில்லை.

இரண்டாம் தடவை நெஞ்சைத் திறப்பது ஆபத்து கூடவா?

முதல் தடவையைவிட வேலை கூட, அதை மறைக்க வேண்டியதில்லை. பழைய ஒப்பரேஷனில் இதயம் நெஞ்செலும்பின் பின்புறத்தோடு ஒட்டியிருக்கும். அதனால் முன்கூட்டியே சிடி ஸ்கேன் எடுத்து எலும்புக்கும் இதயத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார்கள். மிகவும் ஒட்டியிருந்தால், திறப்பதற்கு முன்பே தொடைக் குழாய்களில் இயந்திரத்தை இணைக்க ஆயத்தமாக இருப்பார்கள். அனுபவமுள்ள இடத்தில் பெரும்பாலானோர் நல்லபடி எழும்பி வருகிறார்கள். எந்த நேரத்தில் செய்வது என்பதுதான் கலை: மிக முந்தினால் புது வால்வு வீணாகத் தேயும், மிகப் பிந்தினால் ஊதிய அறை பழையபடி சுருங்காது. எம்ஆர்ஐயில் அறையின் கொள்ளளவை அளந்து முடிவெடுப்பது அதனால்தான். அந்த ஸ்கேன் கேட்டால் "இன்னொரு செலவா" என்று சலிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. அதுவரை கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, தேங்காய் துருவுவது, பிள்ளையைத் தூக்குவது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எதுவும் இல்லை. என் மாமி ஒருத்தர் வந்து "கொஞ்சம் நடமாடினால்தானே பிள்ளை சுகம்" என்று வாளியை நீட்டினார். நடக்கத்தான் சொன்னார்கள், அள்ளச் சொல்லவில்லை.

மாட்டு வால்வா, பன்றி வால்வா? நாங்கள் முஸ்லிம்கள், பக்கத்து வீட்டார் மாட்டிறைச்சி தொடாத சைவர்கள்.

திருகோணமலையில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? உயிரிழையத்தால் செய்த வால்வுகளில் பன்றியின் வால்வும் உண்டு, மாட்டின் இதய உறையில் தைத்ததும் உண்டு. இறந்த மனிதர் தானமாகக் கொடுத்த வால்வும் உண்டு, கிடைப்பது அரிது. எந்த வகை என்று ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சில சமயம் மாற்று வகை கிடைக்கும், சில சமயம் அளவுக்குப் பொருந்துவது ஒன்றுதான் இருக்கும். உயிர் காக்க வேறு வழி இல்லாதபோது அனுமதி உண்டு என்று சொல்லும் உலமாக்கள் பலர். உங்கள் மௌலவியிடம் நேரே கேட்டுவிட்டால் மனம் ஆறும். எனக்கு வைத்தது மாட்டிழையம். அம்மா ஒரு கிழமை பேசாமல் இருந்தார், பிறகு "கோமாதா என் பிள்ளையைக் காப்பாற்றினாள்" என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

உலோக வால்வு நீண்டகாலம் நிற்கும், ஆனால் இரத்தம் கட்டாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் குளிசை. இழைய வால்வுக்குப் பெரும்பாலும் அது வேண்டாம். ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயும், இளம் வயதினருக்கு இன்னும் கெதியாக. பிள்ளை பெற நினைக்கும் பெண் இந்தத் தெரிவை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

வார்ஃபரின் எடுக்கிறேன். கீரை சாப்பிடக் கூடாதா?

சாப்பிடலாம். ஒரே அளவில் சாப்பிடுங்கள். முருங்கை இலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். ஒரு கிழமை ஒன்றும் இல்லாமல், அடுத்த கிழமை தினமும் கீரைச் சுண்டல் என்றால்தான் கணக்கு குழம்பும். இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நாட்டுமருந்து, நோக்குளிசை எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது.

டெங்குக் காலத்தில் இன்னும் கவனம். 2017இல் கிண்ணியா பட்ட பாடு நினைவிருக்கும். அஸ்பிரினோ வார்ஃபரினோ எடுக்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே வைத்தியசாலைக்குப் போய் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். உலோக வால்வில் இரத்தம் கட்டினால் அது வேறு ஆபத்து.

காய்ச்சல் வந்தால் பார்மசியில் அமொக்ஸிசிலின் வாங்கிப் போடலாமா?

போடவே கூடாது. பலரும் அறியாத விஷயம் இது. ஒட்டு, வால்வு, மீதமிருக்கும் ஓட்டை, இவற்றின்மேல் கிருமி குடியேறுவதை இதய உள்ளுறை அழற்சி என்பார்கள். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைத்தல் என்று கிழமைக் கணக்கில் இழுக்கும். அதைக் கண்டுபிடிக்க, அன்டிபயோட்டிக் தொடங்கும் முன்பே இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். நீங்கள் நாலு கப்ஸ்யூல் போட்டுவிட்டுப் போனால் கிருமி பாதி மயங்கி ஒளிந்துகொள்ளும். பரிசோதனை ஒன்றும் இல்லை என்று வரும். நோய் உள்ளே வளரும். சில நாளுக்கு மேல் நீளும் காய்ச்சலுக்கு, "எனக்கு இதயத்தில் ஒப்பரேஷன் செய்தது, இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மருந்து தாங்கள்" என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தக் கிருமிகளில் பல வாயிலிருந்து வருபவை என்று நினைத்துக்கொண்டே பல் துலக்கினாலும் தப்பில்லை. செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இந்த அழற்சி வந்தவர்கள், திருத்தப்படாமல் நீலம் பாரித்திருப்பவர்கள், ஒட்டோ சாதனமோ வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள் பல் பிடுங்கும் முன் ஒருவேளை அன்டிபயோட்டிக் எடுக்க வேண்டும். பல் வைத்தியரிடம் இதை நாற்காலியில் ஏறும் முன் சொல்லுங்கள். வெற்றிலைக்காரர் விட்டுவிடுவது நல்லது, சொன்னால் கேட்கவா போகிறார்கள்.

கலியாணம் பேசும்போது சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். தழும்பை எவ்வளவு நாள் சேலைக்குள் மறைப்பது? மறைத்துக் கட்டிக்கொடுத்த ஒரு பெண், மாமியார் வீட்டில் குளிசையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து எடுத்தாள். ஒரு மாதம் தவறவிட்டாள், துடிப்பு தாறுமாறாகித்தான் உண்மை வெளிவந்தது. முடிந்தால் வரப்போகிறவரையும் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் வைத்தியர் வாயாலேயே கேட்க வையுங்கள். வீடும் காணியும் கூடத் தா என்று பேரம் பேசுகிற இடம் என்றால், அதுவும் முன்கூட்டித் தெரிந்ததாக இருக்கட்டும்.

பிள்ளை பெறலாமா?

பெரும்பாலானோர் பெறலாம். ஆனால் கேட்க வேண்டிய நேரம் வயிற்றில் தங்குவதற்கு முன்பு. கர்ப்பத்தில் உடம்பின் இரத்த அளவு பாதியளவு கூடும். ஏழெட்டு மாதத்தில் இதயத்தின் சுமை உச்சத்துக்குப் போகும். பிள்ளை பிறந்த கையோடு வரும் ஓரிரு நாளும் ஆபத்தானவை. அதை உங்கள் இதயம் தாங்குமா என்பதை எக்கோவும் நடைப் பரிசோதனையும் வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் எடை போடுவார்கள். சிறிய ஓட்டை, நன்றாகத் திருத்திய ஓட்டை என்றால் பயம் மிகக் குறைவு. திருத்திய ஃபலோ நடுவில். நுரையீரல் பிரஷர் மிகக் கூடியவர்கள், கீழறை மிகவும் பலவீனமானவர்கள், கடுமையான வால்வு நெருக்கம் உள்ளவர்கள் கடைசிப் படியில். அவர்களுக்குக் கர்ப்பம் வேண்டாம் என்று சொல்வது தாயின் உயிரே போகலாம் என்பதனால். இலங்கையில் தாய் மரணங்களுக்கு முன்வரிசைக் காரணங்களில் இதயநோயும் ஒன்று.

வார்ஃபரின் எடுப்பவர் மாதவிடாய் தள்ளிய அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். ஆறாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடையில் அது சிசுவைப் பாதிக்கும். அதற்குப் பதிலாகப் போடுகிற ஊசிக்கும் தனி ஆபத்து உண்டு. அதைத் தனியே முடிவெடுக்க முடியாது.

பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போட நினைப்பவர்களுக்கு: ஈஸ்ட்ரஜன் கலந்த சாதாரணக் கருத்தடைக் குளிசை இரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டுவதால் நம்மில் பலருக்கு ஆகாது. கையில் தோலுக்குள் வைக்கும் ஜடெல் பலருக்குப் பொருந்தும், ஐந்து வருடம் இருக்கும். உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் கேட்கும்போது இதயத்தில் ஒப்பரேஷன் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கும் வருமா?

பொதுவாக நூறு பிள்ளைக்கு ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் நூறில் மூன்று முதல் ஐந்து வரை என்று வைத்துக்கொள்ளலாம். சில வகைகளில் கூட. ஐந்தாம் மாதமளவில் சிசுவின் இதயத்தை எக்கோ செய்து பார்க்கலாம். கிரகணத்தில் வெளியே போனதால் வருவதில்லை. ருபெல்லா கர்ப்பத்தில் வந்தால் வரும், அதற்குத்தான் தடுப்பூசி.

ஓட்டை பெரிது, ஆனால் இனி அடைக்க முடியாது என்கிறார்கள். ஏன்?

சின்ன வயதில் அடைக்காத பெரிய ஓட்டையால் நுரையீரலுக்குள் அளவுக்கு மிஞ்சி இரத்தம் பாய்ந்து, அங்குள்ள சிறு குழாய்கள் தடித்து இறுகிவிடும். பிறகு எதிர்த் திசையில் கெட்ட இரத்தம் உடம்புக்குப் போகும். உதடும் நகமும் நீலமாகும், விரல் நுனி மேளக்குச்சி போல உருண்டுவிடும். ஐசன்மெங்கர் நிலை என்று பெயர். இப்போது ஓட்டையை அடைத்தால் வலது பக்கத்துக்குப் போக்கிடம் இல்லாமல் இதயம் நின்றுவிடும். அந்த ஓட்டைதான் அவர்களை உயிரோடு வைத்திருக்கிறது.

இது கைவிட்ட கேஸ் இல்லை. சில்டெனபில், பொசென்டான் போன்ற மருந்துகள் உண்டு, பல வருடம் வாழ்கிறவர்கள் உண்டு. இரத்தம் தடிப்பாக இருக்கிறது என்று யாராவது இரத்தம் எடுத்துவிடச் சொன்னால் நிபுணரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைந்து நிலைமை மோசமாகும். வெயிலில் தண்ணீர் வற்ற விடக்கூடாது. சேலைன் ஏற்றும்போது குழாயில் ஒரு சிறு காற்றுக்குமிழியும் இருக்கக் கூடாது, அது நேரே மூளைக்குப் போகலாம். தாதி மிஸ்ஸிடம் இதை நினைவூட்டுங்கள்.

கடலட்டைக்குச் சுழியோடப் போகலாமா? கடலில் குளிப்பது எப்படி?

நிலாவெளியில் அலையில் நின்று குளிக்கிறதென்றால் தாராளமாக. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கோ சங்குக்கோ இறங்குவது, புறாமலையில் வெள்ளைக்காரரோடு ஆழம் பார்ப்பது வேறு விஷயம். ஆழத்திலிருந்து ஏறும்போது இரத்தத்தில் வாயுக் குமிழிகள் உண்டாகும். சாதாரணமாக நுரையீரல் அவற்றை வடிகட்டும். மேலறை ஓட்டை இருந்தால் அவை குறுக்கே பாய்ந்து மூளைக்குப் போகலாம். புல்மோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பிக்கு இதைச் சொன்னபோது, "அக்கா, அப்போ நான் என்ன தொழில் செய்ய?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஓட்டையை அடைத்து, முழுக்க மூடியதென்று எக்கோவில் உறுதியான பிறகு திரும்ப இறங்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொன்னேன்.

மற்றபடி நடை, சைக்கிள், அளவான விளையாட்டு எல்லாம் பெரும்பாலானோருக்கு நல்லதே. பேச முடிகிற அளவு இளைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விரதம், நோன்பு?

தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது நீலம் பாரித்தவர்களுக்கும், ஃபொன்டான் செய்தவர்களுக்கும், நீர் இறக்கும் குளிசை எடுப்பவர்களுக்கும் ஆபத்து. மற்றவர்கள் குளிசை நேரங்களை வைத்தியரோடு பேசி மாற்றிக்கொள்ளலாம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் என்று இருந்தவள் நான், இப்போது பாலும் பழமும்தான். முருகன் ஒன்றும் கேட்கவில்லை.

செலவுக்கு என்ன செய்வது?

அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷன் பெரும்பாலும் இலவசம், காத்திருப்புத்தான் நீளம். சில வேளை சாதனத்தையோ வால்வையோ வெளியில் வாங்கச் சொல்வதும் உண்டு. ஜனாதிபதி நிதியம் இதய ஒப்பரேஷனுக்கு உதவுகிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நாள் குறித்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், முடிந்த பிறகு பில்லோடு அலைய வேண்டாம்.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

படபடப்போடு மயக்கம், வாய் கோணுதல் அல்லது ஒரு பக்கம் விழுதல், இருமலில் இரத்தம், திடீர் மூச்சுத்திணறல். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஓட்டோவில் போய்த் தாமதிக்காதீர்கள். பேர்ஸில் இருக்கிற அந்தத் துண்டை ஏறியதுமே காட்டுங்கள்.

மகனுக்குப் பதினாறு வயது. கிளினிக்கில் இப்போதும் நான்தான் பேசுகிறேன். சரியா?

இந்த வயதில்தான் நம் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள். பிள்ளைகள் கிளினிக்கிலிருந்து பெரியவர்கள் கிளினிக்குக்கு மாற்றிவிடுவார்கள், ஏஎல் சோதனை வரும், பிறகு வேலை, வெளிநாடு. அம்மாவுக்குத் தெரிந்த நோயின் பெயர் பிள்ளைக்குத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு பொடியனிடம் "உமக்கு என்ன?" என்று கேட்டேன், "அம்மாவைக் கேளுங்கோ" என்றார். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது.

இன்றைக்கே நோயின் பெயரை அவர் வாயால் சொல்லப் பழக்குங்கள். குளிசைப் பெயரையும் அவரே எழுதட்டும். அடுத்த கிளினிக்கில் கொப்பியை அவர் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, நீங்கள் வெளியே வாங்கில் இருங்கள்.